நாமே தைத்த நோட்டு

கடையில் விற்கும் டைரியை நான் யாருக்கும் சிபாரிசு செய்வதில்லை. தேதிக்கு ஒரு பக்கம் என்று அச்சடித்திருப்பார்கள். நாலு நாள் எழுதாமல் விட்டால் வெற்றுப் பக்கங்களைப் பார்த்து மனசு விட்டுப்போகும். அதோடு மூடி வைத்துவிடுவோம். வீட்டில் தைத்த நோட்டில் அந்தத் தொல்லை கிடையாது. தேதியை நாமே போட்டுக்கொள்ளலாம்.

செய்வதும் சுலபம். கோடு போடாத ஏ4 தாள் 20 எடுத்து நடுவில் மடியுங்கள். மடிப்பில் மூன்று துளை போட்டு, கோணி ஊசியில் ட்வைன் நூல் கோத்துத் தைத்தால் 80 பக்கம். பழைய காலண்டர் அட்டையை மைதா பசையால் ஒட்டினால் மேலட்டை. பசை காய்ச்சும்போது சிட்டிகை மயில்துத்தம் சேர்த்தால் பூச்சி அரிக்காது. அது விஷம்; குழந்தைகள் கையில் படக்கூடாது.

என்ன எழுதுவது என்கிறீர்களா? புதுச்சேரியில் டூப்ளேக்குத் துபாஷாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736-இல் தொடங்கி 1761 வரை நாட்குறிப்பு எழுதினார். போரும் அரசியலும் மட்டுமா அதில் இருக்கிறது? கப்பல் வந்த சேதியும் ஊர் வம்பும் உண்டு. அந்தக் காலத்து வாழ்க்கையை நமக்குக் காட்டுவது அந்தச் சில்லறை விஷயங்கள்தான்.

அழகர் ஆற்றில் இறங்கியதைப் பத்திரிகைகள் எழுதிவிடும். அன்று நம் வீட்டுக்கு எந்தச் சொந்தம் வந்து தங்கியது, என்ன சமைத்தோம், மல்லிகைப்பூ முழம் என்ன விலை என்பதை நாம்தான் எழுத வேண்டும். வீடு ஒருநாள் கைமாறும். அதில் வாழ்ந்த கதை நம்மோடு போய்விடக் கூடாது. நினைவு மங்குவதற்குள், தினம் நாலு வரி போதும்.