கறுப்புத் திரையும் ஓரக் குறிப்பும்

எழுபத்து நான்கு வயதில் சர்வர் பராமரிக்கக் கற்றுக்கொள்கிறேன் என்று சொன்னால் எல்லோரும் சிரிக்கிறார்கள். "இதெல்லாம் பசங்க வேலை சார், உங்களுக்கு எதுக்கு?" என்று காலை நடைக்குக் கூட வரும் நண்பர் கேட்டார். அங்கேயே பதில் வரவில்லை. வீட்டுக்கு வந்து எழுதுகிறேன்.

எங்கள் ஓய்வூதியர் சங்க உறுப்பினர் பட்டியல், மாத வாடகைக்கு எடுத்த ஒரு சர்வரில் இருக்கிறது. அதை அமைத்துக் கொடுத்த பேரன் வெளிநாடு போய்விட்டான். போகும் முன் இரண்டு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து எனக்குச் சொல்லிக் கொடுத்தான். மவுஸ் கிடையாது, படம் கிடையாது. கறுப்புத் திரையில் கண் சிமிட்டும் ஒரு கோடு மட்டும். என்னென்ன கோப்பு இருக்கிறது என்று பார்க்க 'எல்எஸ்'. எந்த இடத்தில் நிற்கிறோம் என்று கேட்க 'பிடபிள்யூடி'. எனக்குப் பொதுப்பணித் துறைதான் நினைவுக்கு வந்தது.

ஆனால் பயம் வரவில்லை. பிரெஞ்சுப் பள்ளியில் முசே 'திக்தே' வைப்பார். அவர் வாசிக்க வாசிக்க நாங்கள் பிழையில்லாமல் எழுத வேண்டும். எழுத்தின் மேல் ஒரு கோடு விட்டுப்போனாலும் மதிப்பெண் போய்விடும். கறுப்புத் திரையும் அப்படித்தான். ஒரு இடைவெளி தவறினால் ஏற்காது. ஆனால் எந்த இடத்தில் தவறு என்று பெரும்பாலும் சொல்லிவிடுகிறது. முசே அதுகூடச் சொன்னதில்லை.

பிறகுதான் அந்த இரவு வந்தது.

என்னோடு இருபது வருடம் ஒரே அறையில் வேலை பார்த்த நண்பர் காலமானார். காரியம் முடிந்த அன்று அவர் பெயரைப் பட்டியலிலிருந்து எடுக்க உட்கார்ந்தேன். 'டெலீட்' என்று எழுதினேன். எந்தப் பட்டியல் என்றும் எழுதினேன். யாரை என்று சொல்ல 'வேர்' என்று ஒரு பகுதி எழுத வேண்டும். அதை எழுதாமலே அரைப்புள்ளி வைத்து என்டர் தட்டிவிட்டேன். 'சரி, 312 வரிசைகள்' என்ற பொருளில் பதில் வந்தது. "நிச்சயமா?" என்று ஒரு கேள்வி இல்லை. வேர் இல்லாத டெலீட் எல்லாரையும் வேரோடு பிடுங்கிவிட்டது.

நகல் இருந்தது, ஆனால் மூன்று வாரப் பழையது. நடுவில் வந்த மாற்றங்களை டைரியைப் பார்த்தும் போன் போட்டும் சேர்த்தேன். குடும்ப ஓய்வூதியத்துக்கு மனுப் போட்டிருந்த ஓர் அம்மாவின் புதிய எண் மட்டும் கிடைக்கவில்லை. வீடு மாறியிருந்தார். தேடிக் கண்டுபிடிக்க நான்கு நாள் ஆயிற்று. மனுவில் கேட்டிருந்த விளக்கமும் அதுவரை அவரிடம் போய்ச் சேரவில்லை. இயந்திரம் சொன்னதைத்தான் செய்தது. குற்றம் என்னுடையது.

வெட்கத்தோடு யோசித்தபோது பழைய பிறப்பு, இறப்புப் பதிவேடுகள் நினைவுக்கு வந்தன. 1804-ல் வந்த பிரெஞ்சு சிவில் சட்டம் பதிவேட்டை இரண்டு பிரதியாக எழுதச் சொன்னது. ஒன்று மேரியில், மற்றது நீதிமன்ற அலுவலகத்தில். ஒன்று எரிந்தாலும் மற்றது இருக்கும். இன்னொன்று, அதில் யாரையும் சுரண்டி எடுக்கக் கூடாது. ஒருவர் இறந்தால் அவர் பிறப்புப் பதிவின் ஓரத்தில் அந்தத் தேதியைக் குறிப்பார்கள். பெயர் அப்படியே இருக்கும். இதையெல்லாம் தெரிந்த குமாஸ்தா நான் நண்பரை அழிக்கப் போனேனே!

இப்போது எனக்குச் சில விதிகள். எதையும் மாற்றும் முன் அதே 'வேர்' பகுதியை 'செலக்ட்' போட்டுப் பார்க்கிறேன். ஒரு வரி வந்தால்தான் மேலே போவேன். 'ஸ்டார்ட் ட்ரான்ஸாக்‌ஷன்' என்று ஆரம்பிக்கிறேன். 'கமிட்' கொடுக்கும் வரை 'ரோல்பேக்' என்று சொல்லித் திரும்பிவிடலாம். தினமும் இரவு நகல் எடுத்து வேறு இடத்தில் வைக்கிறேன். பட்டியலில் 'குறிப்பு' என்று ஒரு பத்தியும் சேர்த்துவிட்டேன். இனி யாரையும் நீக்குவதில்லை. நண்பர் பெயருக்கு எதிரே அவர் போன தேதி இருக்கிறது.

பசங்களுக்குக் கட்டளை வேகமாக வரும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த வரி யாருடையது, அது போனால் யார் வீட்டில் என்ன நிற்கும் என்பது நமக்குத்தான் தெரியும். கையெழுத்துப் போடும் முன் இரண்டு முறை படிப்பதை முப்பத்தைந்து வருடம் செய்தோம். இந்த வேலைக்கு வேண்டியதும் அதுதான். விரல் மெதுவாகப் போவது இங்கே குறையே இல்லை.

காலை நடை நண்பர் கணக்குப் பிரிவில் இருந்தவர். நாளை அவரிடம் ஒன்று கேட்கப் போகிறேன். எனக்கும் ஏதாவது ஆகலாம். இந்தக் கட்டளைகளுக்கும் இரண்டாம் பிரதியாக ஓர் ஆள் வேண்டும்.