முதலில் தராசு

மார்ச் மாதம் நிலம் இளகத் தொடங்கியதும் எங்கள் அலுவலகத் தொலைபேசியில் ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வரும். "அண்ணை, பாவிச்ச டீசல் பிக்கப் ஒண்டு பார்த்து வைச்சிருக்கிறன். எடுக்கலாமோ?" கேட்பவர் எஞ்சினின் பெயரைச் சொல்வார், ஆண்டைச் சொல்வார், ஓடிய தூரத்தையும் விலையையும் சொல்வார். இழுக்கப்போகிற பாரம் எவ்வளவு என்று நான் திருப்பிக் கேட்டால் பெரும்பாலும் "ஒரு பொப்கட்தான்" என்று பதில் வரும்.

அந்தப் பொப்கட் ஏற்றி இயந்திரத்தை எடையாக்கிப் பார்ப்போம். எங்கள் முற்றங்களில் அதிகம் காணப்படும் எஸ்650 ரகம் சுமார் 3,800 கிலோ. அதை ஏற்றுகிற 14,000 இறாத்தல் ட்ரெயிலர் வெறுமையாகவே 1,400 முதல் 1,600 கிலோ வரை இருக்கும். இரண்டாவது வாளி, பலகை தூக்கும் முள்ளு, கட்டுகிற சங்கிலி எல்லாம் சேர 5,500 கிலோவுக்கு வந்துவிடுவோம். ட்ரக்கைத் தேடத் தொடங்குமுன் கையில் இருக்கவேண்டியது இந்த எண். ஊகித்து எழுதவும் தேவையில்லை. நாங்கள் கல்லும் மண்ணும் ஏற்றுகிற குவாரியில் தராசு இருக்கிறது. ட்ரெயிலரை இயந்திரத்தோடு ஒருமுறை அதில் ஏற்றி, சீட்டை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தச் சீட்டு முதலில் உங்கள் பணப்பையைத்தான் திறந்து பார்க்கச் சொல்லும். ஒன்ராறியோவில் ஜி வகுப்பு அனுமதிப்பத்திரத்தோடு இழுக்கக்கூடிய ட்ரெயிலரின் உச்ச எடை 4,600 கிலோ. 5,500 கிலோவுக்கு ஏ வகுப்பு வேண்டும். காற்றுப் பிறேக் இல்லாத ட்ரெயிலர் என்றால் கட்டுப்படுத்தப்பட்ட ஏ வகுப்பே போதும். ட்ரக்கும் ட்ரெயிலரும் சேர்ந்து 4,500 கிலோவைத் தாண்டினால் சி.வி.ஓ.ஆர். என்ற வணிக வாகன இயக்குநர் பதிவும் எடுக்கவேண்டும். எங்கள் தொழிலில் நல்ல வேலைகாரர் பலர் இவை இரண்டும் இல்லாமல் வருடக்கணக்காக 401 நெடுஞ்சாலையில் ஓடிக்கொண்டிருக்கிறார்கள். இதைக் குற்றஞ்சாட்டுவதற்காக எழுதவில்லை. ஒரு விபத்தில் அவர்கள் கட்டியெழுப்பிய எல்லாமே போய்விடும் என்ற பயத்தில் எழுதுகிறேன்.

அடுத்தது தாங்குகிற கணக்கு. ட்ரெயிலரின் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் ட்ரக்கின் ஹிட்ச் பந்தின்மேல் இறங்கவேண்டும். குறைந்தால் ட்ரெயிலர் வாலாட்டும். 13 சதவீதம் என்று வைத்தால் 5,500க்கு 715 கிலோ. முக்கால் தொன் ரகத்தில், இரட்டைக் கபினும் நாற்சில்லு இழுவையும் உள்ள டீசல் பிக்கப் ஒன்று தாங்கக்கூடிய சுமை 950 கிலோ அளவில்தான் இருக்கும். டீசல் எஞ்சினே பாரமானது, அது தன் பங்கை முதலிலேயே எடுத்துக்கொள்கிறது. மிச்சம் 235 கிலோ. சாரதியும் ஒரு வேலையாளும் ஏறினால் மிஞ்சுவது 55 கிலோ. பெட்டியில் ஒரு டீசல் தாங்கி வைத்தால் அதுவும் முடிந்தது. விளம்பரத்தில் போட்ட இழுவை எண்ணை இந்த ட்ரக் இன்னும் எட்டவில்லை, ஆனால் தாங்குகிற சுமை ஏற்கனவே எல்லை தாண்டிவிட்டது. ஆகவே சாரதிப் பக்கக் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கிற வில்லையைப் படமெடுத்து அனுப்பும்படி விற்பவரிடம் முதலில் கேளுங்கள். முக்கால் தொன்னா, ஒரு தொன்னா, இரட்டைப் பின்சில்லா என்பதை அதிலுள்ள எண்தான் தீர்மானிக்கவேண்டும்.

பழைய விளம்பர எண்களை நம்பாததற்கு இன்னொரு காரணமும் உண்டு. இழுவை எடையைச் சோதிக்க எஸ்.ஏ.ஈ. அமைப்பு ஜே2807 என்ற பொது முறையை 2008இல் வெளியிட்டது. அரிசோனாவில் டேவிஸ் அணைக்கு அருகே ஏறும் 18 கிலோமீற்றர் மலைச்சாலையை, கடும் வெயிலில், குளிரூட்டியை முழுதாக ஓடவிட்டு, குறிப்பிட்ட வேகம் குறையாமல் ஏறவேண்டும் என்பது அதில் ஒரு பகுதி. பாரப் பிக்கப் செய்யும் அமெரிக்க நிறுவனங்கள் இந்த முறைக்கு வந்தது 2010களின் நடுப்பகுதியில்தான். அதற்கு முந்திய எண்களை ஒவ்வொரு நிறுவனமும் தன் முறைப்படி சொன்னது. பழைய ட்ரக்குகளில் பந்து பூட்டுகிற குழாய்க்கும் தனி வரம்பு உண்டு. பாரம் பகிரும் ஹிட்ச் இல்லாமல் 5,000 இறாத்தலுக்கு மேல் இழுக்கக்கூடாது என்று அதன் வில்லையிலேயே எழுதியிருப்பதைப் பல வண்டிகளில் பார்த்திருக்கிறேன். கறள் மூடியிருந்தால் சுரண்டிப் படியுங்கள்.

கறள் என்றதும், இந்த வசந்தத்தில் ஏஜக்ஸிலிருந்து வந்த ஒரு தம்பியின் கதையைச் சொல்லவேண்டும். கல் பதிக்கிற தொழில். ட்ரக் பத்து வயதானது. எஞ்சின் சத்தம் அருமை, உள்ளே இருக்கைகள் புதிதுபோல. நாங்கள் போய்ச் சேருமுன்பே எஞ்சினைச் சூடாக்கி வைத்திருந்தார்கள், அது எனக்குப் பிடிக்கவில்லை. குளிர்ந்த எஞ்சின் எப்படிப் பிடிக்கிறது என்பதைப் பார்க்கத்தான் காலையில் போவது. கீழே படுத்துப் பார்த்தால் சேசிஸ் முழுக்கப் புத்தம்புதிய கறுப்புப் பூச்சு. பின் அச்சுக்கு மேலே சேசிஸ் வளைகிற இடத்தில் சிறு சுத்தியலால் தட்டினேன். மூன்றாவது தட்டில் முனை உள்ளே போய்விட்டது. அந்த இடத்துக்குப் பின்னால்தான் ஹிட்ச் பூட்டியிருந்தது. தம்பி நெடுநேரம் ஒன்றும் கதைக்கவில்லை.

உப்புப் போடுகிற வீதிகளில் ஓடிய ட்ரக்கை எஞ்சினிலிருந்து பார்க்கத் தொடங்கக்கூடாது என்பது என் உறுதியான கருத்து. சேசிஸ், லீஃப் ஸ்பிரிங் தொங்குகிற கொக்கிகள், பிறேக் குழாய்கள், கியர் ஒயில் குளிர்விக்கும் குழாய்கள், ஒயில் சட்டி, பிறகுதான் எஞ்சின். எஞ்சினை மாற்றலாம், சேசிஸ் போனால் ட்ரக்கே போனது. எண்ணெய் வழிந்து அழுக்குப் பிடித்த அடிப்பாகம் நல்ல அறிகுறி, ஒருவர் ஆண்டுதோறும் கறள் தடுப்பு எண்ணெய் அடித்திருக்கிறார். தடித்த புதிய ரப்பர்ப் பூச்சைக் கண்டால் சுத்தியலை எடுங்கள்.

கறளுக்குப் பயந்து அல்பேர்ட்டாவிலிருந்து ட்ரக் எடுப்பவர்கள் உண்டு. சேசிஸ் சுத்தமாகத்தான் வரும். ஆனால் எண்ணெய் வயலில் குளிருக்காக இரவு பகலாக எஞ்சினை ஓடவிட்டு வைத்திருப்பார்கள். மணிக் கணக்கைத் திரையில் எடுத்துப் பாருங்கள். 180,000 கிலோமீற்றருக்கு 6,000 மணி என்றால் சராசரி வேகம் மணிக்கு 30. அந்த ட்ரக் ஓடியதைவிட நின்றதே அதிகம். விற்பவர் தருகிற பாவித்த வாகனத் தகவல் பொதியில் ஒன்ராறியோ விபரங்கள் மட்டுமே இருக்கும், வேறு மாகாணத்தில் உள்ள கடன் பாத்தியதையைத் தனியே தேடவேண்டும்.

எஞ்சின் பெயர்களைப் பற்றி விடியும்வரை வாதாடலாம், இங்கே சுருக்கமாகச் சொல்கிறேன். 2003 முதல் 2007 வரையான 6.0 லீற்றர் பவர் ஸ்ட்ரோக்கில் ஹெட் காஸ்கெட்டும் புகைக் குளிர்விப்பானும் தொல்லை. செப்பனிட்ட பற்றுச்சீட்டு இல்லாமல் தொடவேண்டாம். 2001 முதல் 2004 வரையான முதல் டியூராமாக்ஸில் இன்ஜெக்டர். சிபி4 உயரழுத்த எரிபொருள் பம்பு பற்றிக் கட்டாயம் கேளுங்கள். 2011 முதல் 2016 வரையான டியூராமாக்ஸிலும், 2011இல் வந்த ஃபோர்ட் 6.7இலும், 2019, 2020 ராம் கமின்ஸிலும் அது இருந்தது. அது உடைந்தால் உலோகத் துகள் பம்பிலிருந்து இன்ஜெக்டர்வரை முழு எரிபொருள் வழியையும் கெடுக்கும், செலவு ஐந்து இலக்கத்தை எட்டலாம். ராமில் அதை நிறுவனமே திரும்ப அழைத்து மாற்றிக் கொடுத்தது, அது நடந்ததா என்று பாருங்கள்.

2007இலிருந்து வந்தவற்றில் புகைக்கரி வடிகட்டி உண்டு. அதைக் கழற்றிவிட்ட ட்ரக்கை "நல்லாய் இழுக்கும்" என்று சொல்லி விற்பார்கள். கழற்றுவது இங்கே சட்டவிரோதம், பிடிபடுவது நீங்கள். இருக்கிற வடிகட்டியும் நெடுஞ்சாலையில் நீண்ட ஓட்டம் கிடைத்தால்தான் தன்னைத்தானே எரித்துச் சுத்தம் செய்யும். ஸ்காபரோவுக்குள்ளேயே பத்துக் கிலோமீற்றர் போய் நிற்கிற வேலையென்றால் அது அடைபட்டுக்கொண்டே இருக்கும். அப்படிப்பட்டவருக்கு ஒரு தொன் பெற்றோல் ட்ரக்கே பொருத்தம் என்று சொல்லத் தயங்கமாட்டேன்.

பிறேக்கைக் கடைசியில் வைத்தேன், ஆனால் என்னை இன்னும் இரவில் எழுப்புவது அதுதான். பல ஆண்டுகளுக்கு முன் அன்காஸ்டரிலிருந்து 403 வழியாக ஹமில்டனுக்குள் இறங்கும்போது, இரவல் ட்ரெயிலரின் ஒரு அச்சில் பிறேக் செத்திருந்தது. மிதித்தேன், ட்ரக் நிற்கப் பார்த்தது, பின்னாலிருந்த எக்ஸ்கவேற்றர் நிற்கவில்லை. அன்றைக்கு முன்னால் வாகனம் இல்லாதது என் அதிர்ஷ்டம். 1,360 கிலோவுக்கு மேற்பட்ட ட்ரெயிலருக்குப் பிறேக் கட்டாயம் என்று சட்டம் சொல்கிறது. எல்லாச் சில்லிலும் அது வேலை செய்கிறதா என்று பார்ப்பது எங்கள் கை. ட்ரக்கில் எக்ஸோஸ்ட் பிறேக் இருக்கிறதா, ட்ரெயிலர் பிறேக் கட்டுப்படுத்தி வேலை செய்கிறதா என்பதைப் பார்க்க ஒரே வழிதான் உண்டு. உங்கள் ட்ரெயிலரைச் சுமையோடு கொண்டுபோய்ப் பூட்டி ஒரு இறக்கத்தில் இறங்குங்கள். அதற்குச் சம்மதிக்காத விற்பனையாளரிடம் வாங்கவேண்டாம்.

ஏஜக்ஸ் தம்பி போன கிழமை அழைத்தார். குவாரித் தராசில் 5,640 கிலோ வந்ததாம். ஏ வகுப்புப் பரீட்சைக்குத் திகதி எடுத்திருக்கிறார். அதுவரை இயந்திரத்தைக் கூலி ஃப்ளோட்டில் ஏற்றுகிறார். ட்ரக் இன்னும் வாங்கவில்லை.