குழாயைச் சொட்ட விடலாமா?

அமெரிக்காவில் கடுங்குளிர் வரப்போகிறது என்று வானிலை அறிவிப்பு வந்தால் போதும், அதன் பின்னாலேயே ஓர் அறிவுரையும் வந்துவிடும். இரவில் குழாயை லேசாகத் திறந்து சொட்ட விடுங்கள், பைப் வெடிக்காது என்பார்கள். நல்ல அறிவுரைதான். ஆனால் அது யாருக்கு நல்லது என்பதில்தான் சிக்கல். நகரத்து வீட்டுக்கு அது சரி. மின்னசோட்டா மாநிலத்தின் வடக்கே, பக்கத்து வீடு கண்ணுக்கே தெரியாத தூரத்தில் இருக்கும் ஒரு பண்ணை வீட்டில் இதை அப்படியே செய்தால், தண்ணீர் வரும் குழாய் தப்பித்துவிடும். கழிவுநீர் போகும் குழாய் மாட்டிக்கொள்ளும்.

முதலில் பைப் ஏன் வெடிக்கிறது என்று பார்ப்போம். தண்ணீர் உறையும்போது சுமார் 9 சதவீதம் விரிகிறது. ஐஸ் கட்டிய இடத்திலேயே பைப் உடைகிறது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். பெரும்பாலும் நடப்பது வேறு. ஐஸ் ஒரு தக்கை மாதிரி அடைத்துக்கொள்ள, அந்தத் தக்கைக்கும் மூடிய குழாய்க்கும் நடுவே சிக்கிய தண்ணீரில் அழுத்தம் ஏறிக்கொண்டே போய், எங்கே பலவீனமோ அங்கே பிய்த்துக்கொள்கிறது. குழாய் கொஞ்சம் திறந்திருந்தால் அந்த அழுத்தம் வெளியேறிவிடும். சொட்ட விடச் சொல்வதன் காரணம் இதுதான்.

சரி, சொட்டிய தண்ணீர் எங்கே போகிறது? நகரமென்றால் பாதாளச் சாக்கடைக்கு. ஆனால் அமெரிக்காவில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு வீட்டுக்குச் செப்டிக் டேங்க்தான். கிராமப்புறத்தில் கேட்கவே வேண்டாம். குளித்த தண்ணீர் வெதுவெதுப்பாக மொத்தமாகப் போய் டேங்கில் விழுந்துவிடும். சொட்டுத் தண்ணீரோ வழியெல்லாம் மெல்லப் படர்ந்து, பைப்பின் அடியில் படலம் படலமாக உறைகிறது. சில நாட்களில் பைப் முழுக்க ஐஸ். கழிவறையில் ஊற்றிய தண்ணீர் வந்த வழியே திரும்புகிறது. மின்னசோட்டா பல்கலைக்கழகத்தின் விரிவாக்கத் துறை, ஒழுகும் குழாய்களைக் குளிர்காலத்துக்கு முன்பே சரிசெய்யுங்கள், தண்ணீரை ஓடவிட்டுக்கொண்டே இருக்காதீர்கள் என்று சொல்வது இதனால்தான். புதுவகை ஃபர்னஸிலிருந்து சொட்டும் நீர்கூட இந்த வேலையைச் செய்துவிடும் (சிக்கன ஃபர்னஸ் வாங்கியவருக்கு இப்படி ஒரு பரிசு!).

ஒருமுறை உறைந்துவிட்டால் நீராவியோ சுடுதண்ணீரோ பீய்ச்சும் கருவியோடு ஆள் வர வேண்டும். பூமிக்கடியில் இருக்கும் வடிகாலே உறைந்திருந்தால் அதுவும் பலிக்காது. வசந்தம் வரும்வரை டேங்க் நிரம்ப நிரம்ப லாரி வைத்து இறைக்க வேண்டியதுதான். ஒவ்வொரு முறையும் காசு.

இத்தனைக்கும் தடுப்பு முறைகள் சிரிப்பு வரும் அளவுக்கு மலிவானவை. இலையுதிர் காலத்தில் டேங்க் மேலே ஓர் அடி உயரம்வரை வைக்கோல் பரப்புவது, அங்கே புல்லை வெட்டாமல் விடுவது, பனி விழுந்த பிறகு அதன்மேல் வண்டி ஓட்டாமல் இருப்பது. மிதிபடாத பனி ஒரு கம்பளி மாதிரி; மிதித்து இறுக்கினால் குளிர் நேராக உள்ளே இறங்கிவிடும். இதையெல்லாம் ஏன் அதிகம் பேர் செய்வதில்லை என்றால், வைக்கோலுக்கு விளம்பரம் கிடையாது என்பதுதான் பாதிக் காரணமாக இருக்கும். விளம்பரம் இருப்பது ஹீட் டேப்புக்கு. பைப்பில் சுற்றி மின்சாரத்தில் சூடேற்றும் அந்தப் பட்டை உண்மையிலேயே உதவும். ஆனால் பனிப்புயலில் கரண்ட் போனால் அதுவும் செத்துவிடும், ஆழ்துளைக் கிணற்றின் பம்பும் கூடவே நின்றுவிடும். பழைய பட்டையைக் கவனிக்காமல் விட்டு வீடே தீப்பிடித்த சம்பவங்களும் உண்டு.

அமெரிக்காவில் 4 கோடிக்கும் மேற்பட்டோர் சொந்தக் கிணற்றை நம்பி வாழ்கிறார்கள். அவர்களுக்குக் குடிநீர் வாரியமும் அவர்களே, கழிவுநீர் வாரியமும் அவர்களே. இன்சூரன்ஸ் இருக்கிறதே என்றால், வீட்டைச் சூடாக வைத்திருக்க வேண்டும், இல்லையேல் தண்ணீரை அடைத்துப் பைப்பைக் காலி செய்திருக்க வேண்டும் என்று பாலிசியில் நிபந்தனை இருக்கும். அந்த வரியைப் பைப் வெடித்த பிறகுதான் பலர் படிக்கிறார்கள்.

அரசும் சும்மா இல்லை. வேளாண் துறையின் 504 திட்டத்தில், மிகக் குறைந்த வருமானமுள்ள கிராமப்புற வீட்டுக்காரர்களுக்கு 1 சதவீத வட்டியில் 40,000 டாலர் வரை கடன் உண்டு. 62 வயதைத் தாண்டியவர்களுக்கு, ஆபத்தை நீக்கும் வேலைக்கு 10,000 டாலர் வரை மானியமும் உண்டு. நல்ல திட்டம், சந்தேகமில்லை. ஆனால் ஜனவரி இரவில் வெடித்த பைப் விண்ணப்பத்துக்காகக் காத்திருக்குமா? அந்தப் பெரிய தொகையில் ஒரு துளியை அக்டோபரிலேயே செலவழித்தால் என்ன? நாலு கட்டு வைக்கோல், ஹீட் டேப் சோதனை, பிளம்பர் ஒருமுறை வந்து தரைக்கடியில் ஊர்ந்து பார்ப்பது, அவ்வளவுதான்.

சொந்த வீட்டைச் சொந்தக்காரர்தானே பார்த்துக்கொள்ள வேண்டும் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் எண்பது வயதில் தனியாக இருக்கும் ஒரு மூதாட்டியை, இரண்டடி உயர இடுக்கில் டார்ச்சோடு தவழ்ந்து போகச் சொல்ல முடியுமா? வீட்டுத் தரைக்கு இன்சுலேஷன் போட்டுக் கொடுத்துவிட்டு நல்லது செய்தோம் என்று போய்விடுகிறவர்களும் இதை யோசிக்க வேண்டும். வீட்டுச் சூடு கீழே கசிவது நின்றதும் அந்த இடுக்கு முன்பைவிட அதிகமாகக் குளிரும். அங்கே ஓடும் பைப்புக்கும் சேர்த்துப் போர்த்தாவிட்டால், அடுத்த குளிருக்கு அதுதான் முதலில் உறையும்.

அதுவரைக்கும் வானிலை சொல்பவர்கள் ஒரே ஒரு வாக்கியத்தையாவது சேர்த்துக்கொள்ளலாம். செப்டிக் டேங்க் உள்ள வீடு என்றால் சிங்க்குக்கு அடியிலுள்ள அலமாரிக் கதவைத் திறந்து வையுங்கள். சொட்ட விட்டே ஆக வேண்டுமென்றால் கீழே ஒரு வாளியை வையுங்கள், காலையில் மொத்தமாகக் கொட்டிக்கொள்ளலாம்.