ஆடுபவர் போவர், ஆசான் இருக்கட்டும்!

நம் மன்றத்து மலரில் இலக்கியத்துக்கு இடமுண்டு. நாட்டு நடப்புக்கு இடமுண்டு. விளையாட்டுக்கு, அதிலும் மகளிர் கால்பந்தாட்டத்துக்கு, இரண்டு பக்கம் கேட்டால் சிலர் புருவம் உயர்த்தக் கூடும். "கடல் உயிரியல் படிக்கிற பெண்ணுக்குப் பந்தோடு என்ன உறவு?" என்றும் கேட்கக் கூடும். உறவு உண்டு, நண்பர்களே! வலப்புற ஓரத்தில் பந்தோடு ஓடியவள் நான். அந்த ஓட்டம் ஏன் நின்றது என்பதைச் சொல்லவே எழுதுகிறேன்.

என் தந்தையார் இராமநாதபுரம் பக்கத்திலிருந்து வந்த கொத்தனார். சுனாமி இடித்த வீடுகளைத் திரும்பக் கட்ட ஆள் வேண்டுமென்று 2006இல் கப்பலேறினார். அப்போது எனக்கு நான்கு வயது. போர்ட் பிளேர் என்று நாம் இன்னும் வாய்ப்பழக்கத்தில் சொல்லுகிற ஸ்ரீ விஜயபுரத்தில்தான் வளர்ந்தேன். பட்டப் படிப்புக்கு நான் போன கல்லூரியில் பெண்களுக்கென ஒரு கால்பந்துக் குழு இருந்தது. பயிற்சி கொடுத்தவர் ஓர் அக்கா. ஓராண்டு ஒப்பந்தத்தில் வந்தவர்.

நாங்கள் பந்தை விரல் நுனியால் உதைத்துக் கொண்டிருந்தோம். பாதத்தின் உட்புறத்தால் தள்ளக் கற்றுத் தந்தார். தமிழ்ப் பெண், வங்காளிப் பெண், நிக்கோபார்ப் பெண் என்று பேதம் பாராமல் எல்லாரையும் இந்தியில் திட்டினார். எல்லாருக்கும் தம் கையால் தேநீர் ஊற்றினார். யார் வந்தார்கள், யார் எத்தனை சுற்று ஓடினார்கள் என்று ஒரு நோட்டில் குறித்து வைத்தார். ஒப்பந்தம் முடிந்தது. நீட்டிப்பு வரவில்லை. அக்கா ஒரு கடையில் கணக்கெழுதப் போய்விட்டார். அடுத்து வந்தவர் ஆறு மாதம் இருந்தார். அதற்குப் பின் யாரும் வரவில்லை. பந்துகள் அலமாரிக்குள் காற்றிறங்கிக் கிடந்தன. இதில் தனி ஒருவரைக் குற்றம் சொல்ல நான் வரவில்லை. பயிற்சியாளர் என்பவர் ஆண்டுக்கு ஆண்டு மாற்றிக் கொள்ளக் கூடிய சரக்கு என்ற எண்ணத்தைத்தான் குற்றம் சொல்லுகிறேன்.

கடல் கடந்த ஒரு கதையைக் கேளுங்கள். 1951இல் நம் பம்பாயில் ஓர் அமெரிக்கக் குடும்பத்தில் பிறந்தவர் ஆன்சன் டோரன்ஸ். வடகரோலினாப் பல்கலைக்கழகத்தில் படித்து, ஆடி, 1977இல் அங்கேயே ஆடவர் குழுவுக்குப் பயிற்சியாளரானார். அந்நாளில் மாணவிகள் சிலர் தாங்களாகவே கூடிப் பந்தாடி வந்தனர். "எங்களையும் பல்கலைக்கழகக் குழுவாக ஏற்க வேண்டும்" என்று அவர்கள் கேட்டனர். 1979இல் அந்தக் குழு பிறந்தது. பொறுப்பு டோரன்ஸிடம் வந்தது. 2024 ஆகஸ்டில் ஓய்வு பெறும் வரை நாற்பத்தைந்து ஆண்டுகள் அவர் அதை விட்டு அகலவில்லை. கல்லூரிகளுக்கிடையிலான தேசிய வாகையை அவருடைய பெண்கள் 22 முறை சூடினர். 1991இல் சீனாவில் நடந்த முதல் மகளிர் உலகக் கோப்பையை வென்ற அமெரிக்க அணிக்கும் அவரே பயிற்சியாளர். உலகம் போற்றிய மியா ஹாம் அவரிடம் பயின்ற மாணவி.

அவருடைய வெற்றிக்கு மந்திரம் ஏதுமில்லை. ஒவ்வொரு பயிற்சியிலும் யார் யாரை வென்றார், யார் எத்தனை பந்தைப் பறித்தார் என்று எண்ணி எழுதி, எல்லாரும் பார்க்கும்படி வரிசைப்படுத்தி ஒட்டுவார். எங்கள் அக்காவின் நோட்டும் அதே இனந்தான்! வேற்றுமை என்ன? அக்காவின் நோட்டு ஓராண்டில் முடிந்தது; அவருடைய ஏடு நாற்பத்தைந்து ஆண்டு வளர்ந்தது. பவளப் பாறை ஆராய்ச்சியில் எங்களுக்குச் சொல்லித் தரும் முதற் பாடமும் இதுவே: அதே இடத்துக்கு ஆண்டுதோறும் போய் அளந்தால்தான் பாறை வளர்கிறதா, தேய்கிறதா என்று தெரியும். 2010இல் நம் தீவுகளைச் சுற்றிப் பவளம் வெளுத்தபோது, எவ்வளவு இழந்தோம் என்று சொல்ல முந்தைய ஆண்டுகளின் அளவு வேண்டியிருந்தது. மாணவி மூன்றாண்டில் போய்விடுவாள். அவள் கற்றதை அடுத்தவளிடம் சேர்க்க, களத்தில் நிலைத்து நிற்க ஒருவர் வேண்டாமா?

சட்டத்தின் துணையும் அங்கு இருந்தது. கல்வி நிலையங்களில் ஆண் பெண் பாகுபாடு கூடாது என்று 1972இல் அமெரிக்கா ஒரு சட்டம் செய்தது. அதில் விளையாட்டு என்ற சொல்லே இல்லை. ஆயினும் மைதானமும் கல்வியின் பகுதியே என்று பெண்கள் வாதாடினர், பெற்றனர்.

கதையின் மறுபுறத்தையும் மறைக்கக் கூடாது. 1998இல் முன்னாள் ஆட்டக்காரிகள் இருவர், டோரன்ஸ் முறையற்ற பேச்சுப் பேசினார் என்று வழக்குத் தொடுத்தனர். துன்புறுத்தல் என்பதை அவர் மறுத்தார். வழக்கு நெடுங்காலம் இழுத்து, 2004இல் ஒருவரோடும் 2008இல் மற்றவரோடும் சமரசமாக முடிந்தது. வெற்றி குவித்தவர் என்பதற்காக எவரையும் கேள்விக்கு அப்பால் வைக்கலாகாது என்பதே இதில் நமக்குப் பாடம். பயிற்சியாளருக்கு நிலையான வேலை கேட்கும் அதே மூச்சில், மாணவிகள் அச்சமின்றி முறையிட ஒரு வழியும் கேட்போம். பெண்களுக்குப் பெண்ணே பயிற்சியாளராக வரும் நாளையும் கேட்போம். நம் நாட்டில் அதற்கு முன்மாதிரி இல்லாமலில்லை. கோவாவில் ஆடி வளர்ந்த மேமோல் ராக்கி 2017 முதல் 2021 வரை இந்திய மகளிர் அணியின் தலைமைப் பயிற்சியாளராக இருந்தார்.

"அமெரிக்காவில் பணம் இருக்கிறது, நமக்கேது?" என்பார்கள். கடலூரைப் பாருங்கள். நம்மை அடித்த அதே சுனாமி அந்தக் கரையையும் அடித்தது. அங்கே மாரியப்பன் என்ற பயிற்சியாளர் ஏழைப் பெண்களைத் திரட்டிப் பந்தாடக் கற்றுத் தந்தார். கடலூரிலிருந்து இந்துமதி கதிரேசன் இந்திய அணி வரை சென்றார். 2018இல் தமிழ்நாட்டு மகளிர் மணிப்பூரை வென்று தேசிய வாகை சூடினர்.

"தீவில் எதிராளி யார்? சென்னைக்குக் கப்பலில் போகவே மூன்று நாள் ஆகுமே!" என்பது அடுத்த கேள்வி. சைக்கிளுக்கு மட்டும் கடல் குறுகிவிட்டதா? கார் நிக்கோபாரில் பிறந்த ஈசோ ஆல்பன் 2018இல் உலக இளையோர் சைக்கிள் பந்தயத்தில் வெள்ளி வென்றான். இத்தீவுகளில் சைக்கிள் ஓட்டக் கற்றுத் தர ஆசான்கள் இருந்தார்கள். பிள்ளைகள் கடல் தாண்டினார்கள். பந்துக்கும் அதே வழிதான்.

ஆகவே மன்றத்துக்கு என் விண்ணப்பம் இரண்டு. மாணவியருக்கு நிரந்தரப் பணியில் ஒரு கால்பந்துப் பயிற்சியாளர் வேண்டும் என்று நம் பல்கலைக்கழகத்துக்கு நாமே கையெழுத்திட்டு மனுக் கொடுப்போம். வடகரோலினாவிலும் முதலில் கேட்டவர்கள் மாணவிகளே. இரண்டாவது, பந்தாடத் தெரிந்த தங்கைகளுக்கு: அகில இந்தியக் கால்பந்து சம்மேளனம் பயிற்சியாளர்களுக்கு உரிமம் தருகிறது, டி உரிமம் ஒரு தொடக்கப்படி. அதில் ஏறுங்கள். ஆய்வுக் கூடத்து வேலை முடிந்ததும் நானும் ஏறப் போகிறேன்.

டோரன்ஸ் ஓய்வு பெற்ற அதே 2024இன் இறுதியில், அவர் இல்லாமலே அவருடைய குழு மீண்டும் வாகை சூடியது. ஆசான் நெடுங்காலம் தங்கிய களத்தில், அவர் போன பின்பும் ஆட்டம் தங்குகிறது. நம் அலமாரியிலுள்ள பந்துகளுக்கு யார் காற்றடிப்பது? கையெழுத்துத் தாளோடு நான் வருகிறேன், பேனாவோடு காத்திருங்கள்.