கவிழ்த்த துருப்பை எப்போது திறக்கலாம்?



சீட்டு என்றதும் கோபப்படாதீங்க. காசு வைத்து ஆடுவது தப்புதான். நான் சொல்வது, மழை வந்து பட்டாசு காயப்போட முடியாமல் வேலை நிற்கும் நாட்களில் வீட்டுத் திண்ணையில் சும்மா ஆடுகிற ‘இருபத்தெட்டு’ பற்றி.

தெரியாதவர்களுக்கு: 32 சீட்டு, 4 பேர், எதிரெதிரே இருப்பவர்கள் ஒரு ஜோடி. ஜாக்கிக்கு 3, ஒன்பதுக்கு 2, ஏஸுக்கும் பத்துக்கும் 1. ஓர் இனத்துக்கு 7, நாலு இனத்துக்கும் சேர்த்து 28. முதல் நாலு சீட்டு வந்ததும் ஏலம். அதை எடுத்தவர் ஒரு சீட்டைக் கவிழ்த்து வைப்பார். அதன் இனம்தான் துருப்பு. அது அவருக்கு மட்டுமே தெரியும்.

இறங்கின இனம் நம்ம கையில் இல்லையென்றால் வேறு சீட்டைக் கழிக்கலாம், இல்லை துருப்பைத் திறக்கச் சொல்லலாம். இதுவரை சண்டை இல்லை. சண்டை வருவது இரண்டு இடத்தில்.

ஒன்று: திறக்கச் சொன்னவர் துருப்பைப் போட்டே ஆகணுமா? கையில் இருந்தால் போடத்தான் வேணும் என்பது என் கருத்து. இல்லாட்டி ரகசியத்தை மட்டும் எட்டிப் பார்த்த மாதிரி ஆகிவிடும்.

இரண்டு: திறப்பதற்கு முன்னாடி அதே சுற்றில் ஒருவர் கழித்த சீட்டு துருப்பு இனமாக இருந்தால் அது வெட்டுமா? வெட்டக் கூடாது. போடும்போது இல்லாத பலம் பிறகு எப்படி வரும்? திறந்த பிறகு விழுவதுதான் துருப்பு.

இதற்கு ஊருக்கு ஒரு வழக்கம், வீட்டுக்கு ஒரு வழக்கம். அதனால் ஆட்டம் நடுவில் குரல் பெரிசாக உள்ளவர் சொல்வதே சட்டமாகிவிடுகிறது. விட்டுக்கொடுப்பது எப்பவும் சின்னப் பிள்ளைகளும் பொம்பளப் பிள்ளைகளும்தான்!

1999-இல் ஜப்பானில் வந்த ‘யூ-கி-ஓ’ என்ற மந்திரச் சீட்டு விளையாட்டைப் பாருங்கள். அதில் கவிழ்த்து வைத்த பொறிச் சீட்டை அதே முறையில் திறக்க முடியாது. எதிராளி முறை வந்த பிறகுதான் திறக்கலாம். உடனே பலிக்கும் ஒரு வகை மந்திரச் சீட்டு உண்டு. அதைக்கூட கவிழ்த்து வைத்துவிட்டால் அந்த முறை முடியும்வரை காத்திருக்கணும். இதெல்லாம் விதிப் புத்தகத்தில் அச்சடித்தே இருக்கிறது. பெரியவர் சின்னவர் பேதம் அதில் கிடையாது.

நாம் புத்தகம் அடிக்க வேண்டாம். சீட்டைக் கலைக்கும் முன்பே இந்த இரண்டு கேள்விக்கும் நாலு பேரும் பதில் சொல்லி, ஒரு தாளில் எழுதி வைத்தால் போதும். எந்தப் பதில் என்றாலும் சரி, ஆட்டம் முடியும்வரை மாற்றக் கூடாது. கவிழ்ந்திருக்க வேண்டியது துருப்பு மட்டும்தான், சட்டம் இல்லை!

இப்படிக்கு,
9-ஆம் வகுப்பு மாணவி