அத்தையின் காதில் ஒரு வண்டு

"என் காதில் ஒரு வண்டு குடியேறிவிட்டது, பெண்ணே!" என்று என் மாமியார் சொன்னபோது, வயது எழுபதைத் தொட்டால் வருகிற உபத்திரவங்களில் அதுவும் ஒன்று என்றுதான் எல்லோரும் நினைத்தோம். முழங்கால் வலி என்றால் தைலம் தேய்க்கலாம். காதில் வண்டு ரீங்காரம் செய்தால் என்ன தேய்ப்பது?

ஓசூரிலேயே ஒரு காது டாக்டரிடம் அழைத்துப் போனேன். அவர் நிதானமாகப் பரிசோதித்துவிட்டு, "இந்த வண்டு எப்போது வருகிறது, பாட்டி?" என்று கேட்டார்.

அத்தை யோசித்தார். "வண்டியில் போகும்போதுதான் வருகிறது" என்றார்.

"அப்படியானால் வண்டியை மெக்கானிக்கிடம் காட்டுங்கள். காதில் கோளாறு இல்லை!" என்று டாக்டர் சிரித்துவிட்டார்.

அந்த வண்டியைப் பற்றிச் சொல்லவேண்டும். என் கணவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் ஒரு பழைய டீசல் வேனை வாங்கி, அதற்குள் கட்டில், சின்ன அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் வைத்தார். சினிமாக்காரர்களின் கேரவன் இருக்கிறதே, அதற்கு ஏழைத் தங்கை! முன்னால் ரேடியோ, பின்னால் கட்டிலுக்கு அடியில் ஆம்ப்ளிஃபயர், தலைமாட்டில் ஸ்பீக்கர். அந்தத் தலைமாடுதான் அத்தையின் இடம்.

அடுத்த தடவை கிருஷ்ணகிரியிலிருந்து திரும்பும்போது நான் அங்கே உட்கார்ந்து பார்த்தேன். ஓசூர் உயரத்தில் இருக்கிற ஊர். சூளகிரிப் பக்கம் மேடு ஏறுவதற்காக இவர் கியரைக் குறைத்து எஞ்சினை முடுக்கியதும், பாட்டின் இடைவெளியில் 'ங்ஙீ...' என்று ஒரு சத்தம்! எஞ்சின் வேகம் கூடக் கூட, அதுவும் சுருதி ஏறிக்கொண்டே போயிற்று. இத்தனை மாதமாக அத்தை இதைச் சகித்துக்கொண்டு, பழியைத் தம் வயதின்மேல் போட்டுக்கொண்டு வந்திருக்கிறார்.

"பாட்டை நிறுத்தச் சொல்லியிருக்கலாமே, அத்தை?"

"நீங்கள் ஆசையாகக் கேட்டுக்கொண்டு வருகிறீர்கள். என் காதுக்காக எல்லோரும் வாயை மூடிக்கொள்ள வேண்டுமா?" என்றார். எனக்குச் சுருக்கென்றது.

ரேடியோ பொருத்தின கடைக்காரர், "எல்லாவற்றையும் புதிதாக மாற்றிவிடுங்கள்" என்றார். அவர் சொன்ன விலைக்கு அத்தைக்கு ஒரு ஜோடி வளையல் வாங்கலாம். நல்லவேளை, ஓசூர் 1980-லிருந்து அசோக் லேலண்ட் லாரியும் டி.வி.எஸ். மொபெட்டும் பிறக்கிற ஊர். வண்டி வைத்தியர்களுக்குப் பஞ்சமில்லை. எங்கள் தெருவிலேயே ஒரு பெரியவர், ஆட்டோ எலெக்ட்ரீஷியன், இருக்கிறார். தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றையும் ஒரே வாக்கியத்தில் கலந்து பேசுவார்.

"ஸ்வல்ப பொறுங்கம்மா! பணம் கொடுக்கும் முன்னே வண்டியை நாலு கேள்வி கேட்போம்" என்றார்.

முதல் கேள்வி: எஞ்சினை நிறுத்தி ரேடியோவைப் போட்டார். சத்தம் இல்லை. இரண்டாவது: எஞ்சினை ஓட்டினார். வண்டு வந்தது, ஹெட்லைட்டைப் போட்டதும் இன்னும் பலத்தது. ஆக, அது ஆல்டர்னேட்டரின் குரல். பாட்டரிக்கு மின்சாரம் ஊட்டுகிற அந்தக் கருவி உண்டாக்குவது அலையலையான மின்சாரம். டயோடுகள் அதைச் சமன் செய்தாலும் சிறு நெளிவு மிஞ்சும். எஞ்சின் வேகத்தோடு அதன் சுருதியும் ஏறும்.

மூன்றாவது: ரேடியோவிலிருந்து ஆம்ப்ளிஃபயருக்கு வரும் ஒலி வயரைப் பிடுங்கினார். வண்டு பறந்துவிட்டது! நான்காவது: அந்த இடத்தில் என் செல்போனைச் செருகினார், சார்ஜரில் போடாமல். பாட்டு சுத்தமாக வந்தது.

"ஆம்ப்ளிஃபயர் மேல் குற்றமில்லை. இரண்டும் சேரும்போதுதான் தகராறு. எர்த்தைப் பார்க்கவேண்டும்" என்றார்.

வண்டியில் மின்சாரம் பாட்டரிக்குத் திரும்பிப் போகிற பாதை, இரும்பு உடம்புதான். ரேடியோவின் எர்த் முன்னால். ஆம்ப்ளிஃபயரின் எர்த்தோ பின்னால், பெயிண்டின் மேலேயே திருகியிருந்தது. ஒரே வாய்க்காலில் மேலேயும் கீழேயும் நீர்மட்டம் வேறுபடுவதுபோல், இரண்டு இடத்துக்கும் துளி வித்தியாசம். ஒலி வயர் இரண்டையும் இணைப்பதால், அந்தத் துளியையும் பாட்டு என்று எண்ணி ஆம்ப்ளிஃபயர் பெரிதாக்கிவிட்டது.

பாட்டரியின் நெகடிவைக் கழற்றிவிட்டுப் பெயிண்டைச் சுரண்டினார். இரும்பு பளபளவென்று தெரிந்த அந்த ஒரே இடத்தில் இரண்டு எர்த்தையும் இறுக்கினார். பாட்டரி வயரோடு கட்டிக் கிடந்த ஒலி வயரைப் பிரித்து எதிர்ப்பக்கமாகக் கொண்டுபோனார். செலவு, கொஞ்சம் கனத்த வயரும் இரண்டு டம்ளர் காப்பியும்!

போகும்போது சொன்னதை நான் குறித்து வைத்திருக்கிறேன். எஞ்சினோடு சுருதி மாறாத உறுமல் என்றால் இன்வெர்ட்டரைப் பார்க்கவேண்டும். போனைச் சார்ஜரில் போட்டால் மட்டும் வந்தால், சார்ஜர். பெட்ரோல் வண்டியில் 'டிக் டிக்' என்றால் ஸ்பார்க் பிளக் பக்கம். விளக்கு மினுக்கி, பாட்டரியும் அடிக்கடி இறங்கினால் ஆல்டர்னேட்டரையே சோதிக்கவேண்டும். சத்தத்தை மட்டும் அடக்கினால் போதாது. பாட்டரியிலிருந்து வரும் வயருக்குப் பாட்டரி அருகிலேயே ஃப்யூஸ் இருக்கட்டும்.

நான் கற்றது இன்னொன்று. பெரியவர்கள் ஒரு குறை சொன்னால், வயதின்மேல் பழி போடுமுன், அவர்கள் இடத்தில் ஒருதரம் உட்கார்ந்து பார்க்கவேண்டும்.

மறுவாரம் மறுபடியும் கிருஷ்ணகிரி. சூளகிரி மேட்டில், "வண்டு போயிற்றா, அத்தை?" என்று கேட்டேன்.

"அது போயிற்று, பெண்ணே. இப்போது நீங்கள் இரண்டுபேரும் முன்னால் போடுகிற சண்டை ஒரு வார்த்தை விடாமல் கேட்கிறது!" என்றார்.