ஓவனில் சுட்ட ஓட்டு வீடு

ஊரில் இருக்கும் பழைய ஓட்டு வீட்டை இடித்துவிட்டு மாடி வீடு கட்டலாம் என்று முடிவானதும், யாராவது ஒருவர் செல்போனில் நாலு போட்டோ எடுத்து வைப்பார். போன் மாறும்போது அந்தப் போட்டோக்களும் போய்விடும். திண்ணை, தூண், முற்றம், ஓடு என்று அந்த வீட்டை அப்படியே சிறிதாக்கி ஷோகேஸில் வைக்க முடிந்தால்? பொறுமை இருந்தால் முடியும். அதற்குக் கைகொடுப்பது ஓவனில் சுட்டால் இறுகும் பாலிமர் க்ளே.

இந்த க்ளேயும் பொம்மைக்காக வந்ததுதான். ஜெர்மனியில் பொம்மைகளுக்குப் பேர்போனவர் கேத்தே க்ரூஸ். அவருடைய மகள் சோஃபி, பொம்மைத் தலை செய்ய உதவுமா என்று பார்த்த பொருள் இது. 1964-ல் எபர்ஹார்ட் ஃபேபர் நிறுவனம் அதை வாங்கியது. பிறகு ‘ஃபிமோ’ என்ற பெயரில் கடைக்கு வந்தது. ‘ஃபிஃபி’ என்பது சோஃபியின் செல்லப் பெயர்.

இடிக்கும் முன் டேப் எடுங்கள்

வீடு நிற்கும்போதே அளந்துவிட வேண்டும். 1:24 அளவு வைத்துக்கொண்டால் கணக்கு சுலபம். நிஜத்தில் ஓர் அடி, மாதிரியில் அரை அங்குலம். 8 அடித் தூண் 4 அங்குலமாகும். இரண்டரை அடித் திண்ணை ஒன்றேகால் அங்குலமாகும். 410 மி.மீ. நீளம், 235 மி.மீ. அகலம் உள்ள மங்களூர் ஓடு, ஏறக்குறைய 17-க்கு 10 மி.மீ. ஆகிவிடும்.

மாதிரிக் கூரையின் ஒரு பக்கம் 30 செ.மீ. நீளம், 20 செ.மீ. அகலம் என்றால், அதற்கு மட்டும் சுமார் 500 ஓடுகள் வேண்டும். ஒவ்வொன்றையும் கையால் செய்தால் பத்தாவது ஓட்டிலேயே அளவு மாறும். அதனால்தான் அச்சு.

வீட்டிலேயே அச்சு

முதலில் ஒரே ஓர் ஓட்டை க்ளேயில் நிதானமாகச் செய்து, சுட்டு, உப்புத்தாளால் தேய்த்து முடிக்க வேண்டும். இதற்கு ஒரு நாள் முழுக்கச் செலவானாலும் பரவாயில்லை. இதில் ஒரு கைரேகை பதிந்திருந்தால் 500 ஓட்டிலும் அதே கைரேகை வரும்.

ஹார்டுவேர் கடையில் கிடைக்கும், வினிகர் வாசனை அடிக்கும் சிலிகான் சீலன்ட்டோடு ஏறக்குறைய சம அளவு சோள மாவைச் சேர்த்துப் பிசைந்தால் அச்சுக்கான மாவு தயார். கையுறை கட்டாயம். ஜன்னலும் திறந்திருக்கட்டும். முதல் ஓட்டின் மேல் மெல்லிசாக வாசலின் தடவி, மாவில் அழுத்தி, அது இறுகிய பிறகு எடுத்துவிடலாம்.

அந்த அச்சில் 10 ஓடுகள் எடுத்துச் சுட்டு, அவற்றை வரிசையாக அடுக்கி, 10 குழி உள்ள பெரிய அச்சு ஒன்று செய்துகொண்டால் வேலை பத்தில் ஒரு பங்காகும். 50 முறை அழுத்தினால் 500 ஓடு! தூணின் தலைப்பகுதி, உரல், அம்மி எல்லாவற்றுக்கும் இதே முறைதான்.

க்ளேயை நன்றாகப் பிசைந்து இளக்கிய பிறகே அச்சில் அழுத்த வேண்டும். மேலே வழியும் க்ளேயைப் பழைய பிளாஸ்டிக் கார்டால் வழித்துவிடலாம். பிறகு அச்சை 10 நிமிடம் ஃப்ரீசரில் வைத்து எடுத்து வளைத்தால், ஓடு நசுங்காமல் வெளியே வரும்.

சூட்டில் கவனம்

பாலிமர் க்ளேயின் அடிப்படை பி.வி.சி. பிளாஸ்டிக். சூடு குறைந்தால் உள்ளே வேகாமல் பின்னால் உடையும். மிஞ்சினால் கருகி, மூக்கையும் கண்ணையும் எரிக்கும் ஹைட்ரஜன் குளோரைடு புகை வரும். அப்படி நேர்ந்தால் ஓவனை அணைத்து, ஜன்னல்களைத் திறந்துவிட்டு, குழந்தைகளோடு அறையைவிட்டு வெளியேற வேண்டும்.

ஃபிமோவுக்கு 110 டிகிரி செல்சியஸில் 30 நிமிடம். ஸ்கல்பிக்கு சுமார் 130 டிகிரி. பாக்கெட்டில் போட்டிருப்பதைப் பார்த்துச் செய்வதே சரி. ஓ.டி.ஜி.யின் திருகில் காட்டும் சூடும் உள்ளே இருக்கும் சூடும் ஒன்றாக இருப்பதில்லை. தனியாக ஓர் ஓவன் தெர்மாமீட்டர் வைத்துக்கொள்வது நல்லது. மைக்ரோவேவில் சுடவே கூடாது. க்ளே தொட்ட தட்டு, கத்தி எதுவும் மறுபடி சமையலுக்குப் போகக் கூடாது.

ஓடுகளைத் தரைக்குப் போடும் டைல் ஒன்றின் மேல் காகிதம் விரித்து அடுக்கிச் சுடலாம். சூடாக இருக்கும்போது அவை வளையும். ‘வேகவில்லையோ’ என்று திரும்பச் சுட வேண்டாம். ஆறினால்தான் இறுகும்.

ஒரே சிவப்பு வேண்டாம்

நிஜக் கூரையில் எல்லா ஓடும் ஒரே நிறத்தில் இருப்பதில்லை. செங்கல் நிற க்ளேயில் கொஞ்சம் பழுப்பு, துளி கறுப்பு என்று மூன்று நாலு கலவை செய்து, கலந்து அடுக்கினால் மழையும் வெயிலும் பார்த்த கூரை கிடைக்கும். மேலே பூச அக்ரிலிக் பெயின்ட் போதும். நெயில் பாலிஷ் பூசினால் நாளாக ஆகப் பிசுபிசுக்கும்.

அடுக்களை இருட்டைப் போக்கக் கூரையில் ஒரு கண்ணாடி ஓடு பதித்திருப்பார்களே, அதற்கு மட்டும் க்ளே உதவாது. தெளிவான பிளாஸ்டிக் தாளில் 17-க்கு 10 மி.மீ. வெட்டி வைக்க வேண்டும். அது எந்த வரிசையில் இருந்தது என்பது போட்டோவில் தெரியாமல் போகலாம். அந்த அடுக்களையில் சமைத்த பாட்டிக்குத் தெரியும். வீடு நிற்கும்போதே அவரையும் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு அளவெடுப்பது நல்லது.